பீங்கான் ஓடுகளில் பழைய மக்கா

கெய்ரோவின் முஇஸ் வீதியில், அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டுவித்த சிறிய கட்டடம் ஒன்று உள்ளது. கீழ்த்தளம் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வழங்குமிடம்; மேல்தளம் சிறுவர்கள் குர்ஆன் ஓதிய மக்தப். கீழ்த்தளச் சுவரில், பீங்கான் ஓடுகளில் தீட்டப்பட்ட ஹரம் ஷரீஃபின் காட்சியைக் காணலாம். ஹஜ்ஜுக்குச் செல்ல வசதியற்ற எத்தனையோ ஏழைகள், தாகம் தீர்க்க வந்து கஃபாவின் தோற்றத்தையும் கண்டு சென்றிருப்பர்.

இத்தகைய ஓடுகள் 17ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரில் உருவாயின. வெண்கல் பொடியோடு சிறிது களிமண்ணும் கண்ணாடிப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, கோபால்ட்டால் நீலமும் செம்பால் பசுநீலமும் தீட்டி, மேலே பளபளக்கும் பூச்சிட்டுச் சூளையில் சுட்டனர். தோப்காப்பி அரண்மனையிலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவை இன்றும் உள்ளன.

அவற்றில் நடுவே கறுப்புத் திரையணிந்த கஃபா. சுற்றிலும் குவிமாட மண்டபங்கள், மினாராக்கள். ஜம்ஜம் கட்டடமும், நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் தனித்தனியே நின்று தொழுவித்த மகாம்களும் உண்டு. ஷாஃபிஈயும் ஹனஃபியும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பளிக்காது. சில ஓடுகளில் பின்னணியாக மக்காவின் மலைகளும் நிற்கின்றன.

அம்மலைகள் வெறும் அலங்காரமல்ல. இப்ராஹீம் (அலை) தம் குடும்பத்தைக் குடியமர்த்திய பயிரற்ற பள்ளத்தாக்கை உருவாக்கியவை அவையே. மழை கொட்டினால் நீர் அவற்றின் சரிவுகளில் இறங்கி நேரே ஹரத்துக்குள் பாயும். 1630இல் அப்படி வந்த வெள்ளத்தில் கஃபாவின் சுவர்களே சரிந்தன. சுல்தான் நான்காம் முராத் காலத்தில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. அன்று மனிதனை நிலம் ஆண்டது.

இன்று நிலை மாறிவிட்டது. அந்த மகாம்களும் ஜம்ஜம் கட்டடமும் 20ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டன. 2002இல் அஜ்யாத் கோட்டை, அது நின்ற குன்றோடு தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம் எழுந்தது. உமர் மலையும் விடுதிகளுக்காக வெட்டிச் சமப்படுத்தப்பட்டது. தவாஃபில் முதியோர் நெரிபடாதிருக்க இடம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விடுதிக்கும் வணிக வளாகத்துக்கும் அதே நியாயம் பொருந்துமா?

மக்கா வெற்றியின்போது, ஹரம் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் புல் பறிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கொல்லருக்கும் வீடுகளுக்கும் வேண்டியதென அப்பாஸ் (ரலி) வேண்டியபோது, இத்கிர் என்னும் நறுமணப் புல்லுக்கு மட்டும் விலக்களித்தார்கள். தேவைக்கு அளித்த அனுமதி அவ்வளவுதான். இந்த ஹதீஸை நடத்தியபோது மாணவர் ஒருவர், "மலைக்கு இதில் சட்டம் உண்டா ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஹதீஸில் மரமும் புல்லும் வேட்டைப் பிராணியுமே கூறப்பட்டுள்ளன என்றேன். மறுநாள் அந்த ஓட்டின் படமொன்றை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் வெகுநேரம் மலைகளையே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.