ஒடுக்கற்பிரிவு கண்டறியப்பட்ட வரலாறு

உடல் வளர்ச்சிக்கு இழையுருப்பிரிவும் (மைட்டாசிஸ்), பாலினப்பெருக்கத்திற்கு ஒடுக்கற்பிரிவும் (மியோசிஸ்) அடிப்படையாகும். இவ்விரண்டின் வேறுபாடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவானது.

செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங், சலமந்தர் குடம்பிகளின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உட்கருவிலுள்ள இழைகள் நீளவாக்கில் பிளந்து, இரு சேய் உயிரணுக்களுக்கும் சமமாகச் செல்வதை 1882இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே மைட்டாசிஸ் என்ற பெயர் வந்தது. இவ்விழைகளுக்கு 1888இல் வால்டேயர் குரோமோசோம் (நிறப்புரி) எனப் பெயரிட்டார்.

இதற்கிடையே, 1883இல் பெல்ஜிய அறிஞர் எட்வார்டு வான் பெனடன் குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தார். கருக்கட்டலின்போது விந்தணுவும் முட்டையும் இரண்டிரண்டு நிறப்புரிகளை அளிப்பதையும், கருவுற்ற முட்டையில் நான்கு இருப்பதையும் கண்டார்.

பாலணுக்களிலும் உடல் உயிரணுக்களில் உள்ள அளவே நிறப்புரிகள் இருந்தால், அவற்றின் எண்ணிக்கை தலைமுறைதோறும் இரட்டிப்பாகும். ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை. எனவே, பாலணுக்கள் உருவாகும்போது நிறப்புரிகளைப் பாதியாகக் குறைக்கும் தனிவகைப் பிரிவு நிகழ வேண்டும் என 1887இல் ஆகஸ்ட் வைஸ்மன் கணித்தார். 1890இல் ஆஸ்கர் ஹெர்ட்விக், அதே உருளைப்புழுவில் விந்தணுவும் முட்டையும் உருவாகும் முறைகளை ஒப்பிட்டு இக்கருத்தை உறுதிப்படுத்தினார். 1905இல் பார்மர், மூர் ஆகியோர் இப்பிரிவுக்குப் பெயரிட்டனர்; குறைத்தல் என்பதே அப்பெயரின் பொருள்.

மனித உடல் உயிரணுவில் 46 நிறப்புரிகளும் பாலணுவில் 23 நிறப்புரிகளும் இருப்பது இப்பிரிவின் விளைவே.