மலையகத்துக் கணினியும் மின்கம்பியின் வரலாறும்

வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்து நின்றாலோ வேகம் குறைந்தாலோ நாம் முதலில் குற்றம் சாட்டுவது மென்பொருளைத்தான். வைரஸ் புகுந்துவிட்டது, விண்டோஸ் பழுதாகிவிட்டது, நினைவகம் போதவில்லை என்கிறோம். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஹற்றனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இந்த நோய்க்கு மூலம் தேடுபவர், கணினிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நூற்றாண்டு வரலாற்றையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

2000களில் தோட்டப் பகுதிகளுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற வேளைகளில் ஒரே முறைப்பாட்டைப் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். கொழும்பில் வேலை பார்க்கும் மூத்த மகன், தம்பி தங்கையரின் படிப்புக்கென்று பழைய கணினி ஒன்றை வாங்கி அனுப்பியிருப்பான். பகலில் அது ஒழுங்காக வேலை செய்யும். மாலை ஆறு மணியைத் தாண்டினால் திரை அப்படியே நின்றுவிடும், சுட்டி அசையாது. நகரத்துக் கடைக்குத் தூக்கிச் சென்றால் அங்கே நாள் முழுவதும் ஒரு குறையும் காட்டாது. கடைக்காரர் விண்டோஸை மீண்டும் நிறுவிக் கூலியைப் பெற்றுக்கொள்வார். வீடு திரும்பிய அன்று மாலையே பழைய கதை தொடரும்.

கடையில் ஓடி வீட்டில் மட்டும் நிற்கின்ற இயந்திரத்தில், சந்தேகம் முதலில் விழவேண்டியது வீட்டு மின்சாரத்தின் மீது. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். மின்மாற்றிக்கு வெகுதொலைவில், நீண்ட மெல்லிய கம்பியின் கடைசி முனையில் இருக்கும் லயத்துக்கு இந்த அளவு எப்போதும் கிடைப்பதில்லை. மாலையில் எல்லாக் காம்பராக்களிலும் விளக்கும் தொலைக்காட்சியும் மின்கேத்தலும் ஒருசேர இயங்கும்போது, கம்பியிலேயே மின்னழுத்தம் கரைந்து போகிறது. கணினியின் மின்வழங்கி ஓரளவு வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் கணினி உறையும், அல்லது தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் இப்படி அறுந்தால் கோப்புகள் சிதையும். நாளடைவில் வன்தட்டும் கெடும். கெட்ட பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் கணினி மந்தமாகிறது. ஆக, உறைதலும் மந்தமும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளாகவும் இருக்கலாம்.

இந்தக் கம்பி ஏன் இவ்வளவு பிந்தியும் இவ்வளவு மெல்லியதாகவும் வந்தது என்பதே வரலாற்றுக் கேள்வி. மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை வாசித்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணை எழுந்தது. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கடும் வரட்சிக் காலங்களில் அதன் வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிகின்றன. இப்படி மலையகத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்விளக்கு வந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த லயங்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, வாக்குரிமையையும் இழந்த மக்களுக்காக மின்கம்பத்தைக் கேட்டு வாங்க நாடாளுமன்றத்தில் யார் இருந்தார்கள்?

இதில் இன்னொரு முரணும் உண்டு. உலகில் வணிகக் கணக்குக்கென்று இயங்கிய முதற் கணினியை உருவாக்கியது ஒரு தேயிலை, சிற்றுண்டி நிறுவனம். லண்டனின் ஜே. லயன்ஸ் நிறுவனம் 1951இல் இயக்கிய 'லியோ' என்ற அந்த இயந்திரத்தில் ஏறத்தாழ 6,000 வால்வுகள் இருந்தன. அடிக்கடி நின்றுவிடும் கணினி என்ற தொல்லையை வணிக உலகில் முதலில் சந்தித்தவர்களும் அவர்களே. அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று எளியது. வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்று ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார்கள். பலவீனமான வால்வு அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதை மாற்றிவிட்டுத்தான் கணக்கு வேலையைத் தொடங்குவார்கள். அதே சோதனையை மலையகத்து மின்கம்பி ஒவ்வொரு மாலையும் கேளாமலே நடத்துகிறது. மாற்றிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

ஆகவே பழைய கணினியை வைத்திருப்போர், நோய் தோன்றும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைக்க வேண்டும். எந்நேரமும் மந்தமென்றால் நினைவகம், நிரம்பிய வன்தட்டு, வைரஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். இயக்கி அரைமணி நேரம் கழித்து நின்றால் அது சூடு. விறகடுப்புப் புகையும் தூசியும் விசிறியில் படிந்திருக்கும். மூடுபனிக் காலத்தில் மட்டும் தொல்லையென்றால் நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் ஈரம் வேலை செய்திருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். மாலையில் மட்டும் என்றால், விண்டோஸுக்குக் கொடுக்கும் கூலியை மின்னழுத்தச் சீராக்கிக்குக் கொடுப்பதே மேல். சீராக்கி இல்லாத மலிவு யூபிஎஸ் ஓயாமல் பற்றரிக்கு மாறி மாறி, அந்தப் பற்றரியையும் விரைவில் தின்றுவிடும்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்குப் போனபோது, சிக்னல் தேடி மேடுகளில் ஏறிய பிள்ளைகளை நாடு பார்த்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது கொழும்பும் கொதித்தது. லயத்துப் பிள்ளைக்கு இருட்டும் காத்திருப்பும் அன்று வந்தவையல்ல. ஒரு பிள்ளையின் கணினி மாலைதோறும் நிற்குமானால் நின்றுபோவது அதன் படிப்பு. அதைக் கணினிக் கடையால் மட்டும் திருத்திவிட முடியாது. மின்மாற்றியை லயத்துக்கு அருகில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். ஆற்றைக் கொடுத்த மண்ணுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.