சர்வ்லெட்

ஊழியம் செய்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையினின்று பிறந்த 'சர்வர்' என்பதன் முற்பகுதியோடு, சிறுமை குறிக்கும் 'லெட்' விகுதி சேர்ந்து அமைந்த இச்சொல், உலாவியில் இயங்கிய 'ஆப்லெட்' என்பதன் சாயலில் 1990களில் ஜாவா உலகில் வழக்குக்கு வந்தது. சர்வரில் இயங்கி, உலாவியின் கோரிக்கையைப் பெற்று விடையளிப்பதே இச்சொல் சுட்டும் ஜாவா நிரலின் தர்மம். 1999இல் தோன்றிய ஜே.எஸ்.பி. (ஜாவா சர்வர் பேஜஸ்) பக்கமும் உள்ளே சர்வ்லெட்டாகவே உருமாறுவது.

அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் தனித்தனியே அடித்த பாகங்கள் பற்றவைக்கப்பட்டுப் பித்தளைக் குடமாவதுபோல, பெட்டி, பொத்தான், பட்டியல் ஆகிய உறுப்புகளைச் சர்வரிலேயே இணைத்துப் பக்கமாக்கும் முறை, 2004இல் ஜே.எஸ்.எஃப். (ஜாவா சர்வர் ஃபேசஸ்) வாயிலாக ஜாவாவில் அதிகாரபூர்வமான ஸ்தானம் பெற்றது. எச்.டி.எம்.எல். வார்ப்பைத் தூய்மையாக விட்டு, தர்க்கம் அனைத்தையும் ஜாவாவிலேயே எழுதச் செய்யும் 'விக்கெட்' என்னும் மற்றொரு ஜாவா வலைச் சட்டகத்தின் நெறியே எளிமையினால் சிரேஷ்டமானது என்பது என் துணிபு. எனினும் இவ்விரண்டுக்கும் அஸ்திவாரம் சர்வ்லெட்டே.