மின்கோபுரங்களின் கீழ் நிலமற்றோர்: போடி மலையடிவாரத்திலிருந்து சில கேள்விகள்

தமிழ்நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 மார்ச்சுக்குள் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. இந்த மின்சாரம் பெரும்பாலும் வறண்ட தென்மாவட்டங்களில் உற்பத்தியாகிறது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், சுமார் 2,500 ஏக்கரில் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் இதற்கு நாமறிந்த எடுத்துக்காட்டு. நண்பகலில் குவியும் அம்மின்சாரத்தைத் தொலைவிலுள்ள ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் கொண்டுசெல்ல உயரழுத்தத் தடங்கள் வேண்டும். தடம் போதாத இடத்தில் உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. ஆகவேதான் ஒன்றிய அரசு 2022 சனவரியில் பசுமை எரிசக்தி வழித்தடத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் 20,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இணைப்பது அதன் நோக்கம். மதிப்பீடு சுமார் 12,031 கோடி ரூபாய்.

தேனி மாவட்டத்துக்கு இது புதிதன்று. கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி இங்கே காற்றாலைகள் எழுந்தன. தப்பகுண்டில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் அமைந்தது. சூரிய மின்சாரத்துக்கான தடங்கள் பெருகும்போது, போடிநாயக்கனூரை ஒட்டிய மலையடிவாரம் போன்ற பகுதிகளில் யார் எதை இழப்பார்கள் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

சட்டம் சொல்வது

மின்கோபுரத்துக்காக நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. மின்சாரச் சட்டம் 2003இன் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்ட அதிகாரங்களைத் தடம் அமைப்போருக்கு வழங்க இடமளிக்கிறது. அதன்படி நிலம் உரியவரிடமே இருக்கும். கோபுரம் நிறுத்தவும் கம்பி இழுக்கவும் பயன்பாட்டு உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் மின்தடங்களைப் பொறுத்து இந்த ஏற்பாட்டைத் தொடர அனுமதிக்கிறது.

400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்கப்படுகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 ஏக்கர். அந்தப் பட்டைக்குள் உயரமான மரம் வளர்க்கவோ வீடு கட்டவோ முடியாது. இழப்பீடாக, கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பட்டைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் வழங்க 2015இல் ஒன்றிய மின் அமைச்சகம் வழிகாட்டியது. 2024 சூனில் இவை 200, 30 விழுக்காடுகளாக உயர்த்தப்பட்டன. 2018 முதல் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக நடந்த உழவர் போராட்டங்கள் இக்கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன.

பட்டா இல்லாதோர்

எத்தனை மடங்கு உயர்த்தினாலும் இக்கணக்கு நில மதிப்பிலிருந்தே தொடங்குகிறது. மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினரான பட்டியல் சாதியினரில் பெரும்பாலோர் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள். 1892இல் ஒதுக்கப்பட்ட சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அத்தகைய நிலத்தின் மீது தடம் சென்றால், இன்று பட்டா வைத்திருப்பவரே இழப்பீடு பெறுவார். பறிகொடுத்த குடும்பம் மீண்டும் ஒருமுறை இழக்கும்.

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்வோரை நினைத்துப் பார்ப்போம். ஏலம் மர நிழலில் வளரும் பயிர். தடத்துக்காக நிழல் மரங்கள் வெட்டப்பட்டால் அந்தப் பட்டையில் ஏலம் நிலைக்காது. தோட்ட உரிமையாளருக்கு மரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு உண்டு. களையெடுத்தும் காய் பறித்தும் பிழைத்த பெண்ணின் வேலைநாள்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. கூலி இழப்பு என்ற தலைப்பே அந்த வழிகாட்டுதல்களில் கிடையாது.

காட்டுப்பகுதியில் சிக்கல் வேறு. வன உரிமைச் சட்டம் 2006இன் வழியே கிராம சபையின் இசைவு முதன்மை பெற்றது. ஆனால் 2013 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம், சாலை, மின்தடம் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு அந்த இசைவிலிருந்து விலக்களித்தது. தொன்மைப் பழங்குடியினரின் அங்கீகரிக்கப்பட்ட உரிமைகள் பாதிக்கப்படும் இடங்களுக்கு அவ்விலக்கு பொருந்தாது. இம்மலைகளின் பளியர்களோ தமிழ்நாட்டின் அத்தகைய ஆறு பழங்குடிகளின் பட்டியலில் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, இயன்றவரை குறைந்த சேதம் விளைவிக்கவும், நலன் கொண்ட அனைவருக்கும் முழு இழப்பீடு வழங்கவும் கட்டளையிடுகிறது. அது பட்டாதாரர் என்று குறுக்கவில்லை. குத்தகையாளர்களும் ஒப்படை பெற்றோரும் பற்றிக்கொள்ள வேண்டிய சொல் இது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிந்துகொண்டால் அக்கோரிக்கை வலுப்பெறும். இழப்பீடு போதாதென்றாலும், யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு எழுந்தாலும், 16ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதியே தீர்மானிக்க வேண்டும்.

தடத்தின் வரைபடத்தையும் புல எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவதே கல்லூரி மாணவர்கள் எடுக்கக்கூடிய முதல் அடி. அந்த எண்களைப் பழைய நிலப்பதிவேடுகளுடன் ஒப்பிட்டால் பஞ்சமி நிலங்கள் தெரியவரும். கோபுரம் எழுந்தபின் அதை அகற்றுவது அரிது. ஆகவே இந்த வேலை அளவைக்கல் ஊன்றும் முன்பே முடிய வேண்டும்.

நிலக்கரிப் புகையிலிருந்து விடுபட நமக்கும் சூரிய மின்சாரம் வேண்டும். அதற்கான விலையைச் சேரியும் பளியர் குடியும் மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டையே நாம் மறுக்கிறோம். வேலைநாள் இழப்பை இழப்பீட்டுக் கணக்கில் சேர்ப்பதும், தடம் முடிவாகுமுன் கிராம சபையைக் கேட்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அரசு அவற்றை உடனே செய்யலாம்.