சட்டைப் பொத்தானும் செயற்கை விரலும்



போன வாரம் ஒரு சட்டைப் பொத்தானைப் போட எனக்கு நெடுநேரம் பிடித்தது. சர்க்கரையால் விரல்நுனி கொஞ்சம் மரத்திருக்கிறது. கண் தெரிகிறது, விரல் மடங்குகிறது, பொத்தான்தான் அகப்படவில்லை. ஐம்புலன்கள் பாடத்தில் தோலை மட்டும் அவசரமாக முடித்துவிட்டேனே என்று அன்றுதான் உறைத்தது. அந்தப் பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

தொடு உணர்வை முறையாக அளந்தவர் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் வெபர். 1834-இல் அதுபற்றி நூல் எழுதினார். காம்பஸின் இரு முனைகளைத் தோலில் வைத்துப் பார்த்தார். விரல்நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் விலகினாலே 'இரண்டு' என்று தெரிகிறது. முதுகிலோ சில சென்டிமீட்டர் விலக வேண்டும். 1852-இல் மைஸ்னரும் வாக்னரும் விரல் தோலுக்குள் நுண்ணிய உணர்விகளை விவரித்தார்கள். 1979-இல் சுவீடனின் யோஹான்சன், வால்போ இருவரும் ஒரு கையின் உட்புறத்தில் சுமார் 17,000 உணர்விகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அழுத்தம், வழுக்கல், அதிர்வு, இழுபடுதல் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேலை.

யோஹான்சன் ஒரு பெண்ணின் விரல்நுனிகளை மரக்கச் செய்து, தீக்குச்சி பற்றவைக்கச் சொன்னார். கண்ணால் பார்த்துக்கொண்டே தடுமாறினார் அந்தப் பெண். ரோபோ கையின் குறையும் இதேதான்: கேமராவும் மோட்டாரும் இருந்தும், பிடித்த பொருள் நழுவுவது அதற்குத் தெரிவதில்லை.

எனவே விஞ்ஞானிகள் விரலையே நகலெடுத்தார்கள். அமெரிக்காவில் ஜெரால்ட் லோப் குழு உருவாக்கிய 'பயோடாக்' விரலில் எலும்புபோல் கெட்டியான உள்பகுதி, மேலே ரேகையுள்ள ரப்பர் தோல், நடுவே மின்கடத்தும் திரவம். அழுத்தினால் திரவத்தின் தடிமன் மாறி மின்தடை மாறும். தேய்த்தால் அதிர்வு திரவம் வழியே உணர்கருவியை எட்டும். 2012-இல் அது 117 பொருள்களைத் தடவிப் பார்த்து, நூற்றுக்குச் சுமார் 95 முறை சரியாகச் சொன்னது.

பட்டாசு விபத்தில் கையிழந்த டென்மார்க்காரர் டென்னிஸ் சோரன்சனுக்கு, 2013-இல் ரோம் நகரில் செயற்கைக் கையின் உணர்விகளைக் கை நரம்புகளோடு இணைத்தார்கள். கண்ணைக் கட்டியபடியே பொருளின் வடிவத்தையும் கடினத்தையும் சொன்னார்.

ஒரு விரல்நுனியை உண்டாக்க இத்தனை பேர், இத்தனை ஆண்டுகள்! நமக்குப் பிறவியிலேயே பத்து. என்னைப்போல் அலட்சியமாக இருக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வாரமே சர்க்கரை பார்த்துவிடுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்