சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு உங்களுள் பலர் சென்றிருப்பீர்கள். விண்ணளாவி நிற்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியந்திருப்பீர்கள். அடுத்த முறை செல்லும்போது தலையைச் சற்றுத் தாழ்த்திக் கற்சுவர்களையும் பாருங்கள். வரிவரியாக எழுத்துகள் தெரியும். முதலாம் இராசராசன் எடுப்பித்து, 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலின் கணக்கேடு அந்தக் கற்களே. பொன்னும் மணியும், திருமேனிகளும், ஊர்கள் தந்த நெல்லும், பணி செய்தோர் பெயர்களும் அவற்றில் உள்ளன. அந்தப் பெருஞ்செல்வத்தின் நடுவே எளிய உயிர் ஒன்றும் இடம் பெற்றிருக்கிறது. அதுதான் ஆடு.

கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கை நந்தா விளக்கு என்றார்கள். அவ்விளக்கு எரிய நெய் வேண்டும். ஒரு நாள், ஒரு திங்கள் என்றால் நெய்யை விலைக்கு வாங்கி ஊற்றிவிடலாம். ஞாயிறும் திங்களும் உள்ளவரை எரிய வேண்டுமென்றால் என்ன செய்வது? இதற்குச் சோழர் காலத்தவர் கண்ட வழி, இடையர்களிடம் ஆடுகளை ஒப்படைப்பது. தஞ்சைக் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள். பசுவானால் 48, எருமையானால் 16. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யை ‘ஆடவல்லான்’ என்ற பெயர் கொண்ட அளவையால் அளந்து தருதல் வேண்டும். ஒரு நாழிக்கு நான்கு உழக்கு. ஆகவே 365 நாளைக்கு 91 நாழியும் ஓர் உழக்கும் ஆகும். ஓராண்டோடு முடிவதன்று இக்கடமை. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று வழிவழியாகத் தொடர்வது.

இவ்வாறு விளக்கிற்கு விடப்பட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பது. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு என்பது அதன் பொருள். தஞ்சையில் மட்டுமன்று, தமிழ்நாட்டின் வேறு பல கோயில்களிலும் இத்தொடரைக் காணலாம். சில இடங்களில் 96 என்றும் சில இடங்களில் 90 என்றும் எண்ணிக்கை வேறுபடும், பெயர் ஒன்றே.

உலகில் சாகாத ஆடு உண்டோ? இல்லை. கல்லில் எழுதியவர்களும் அதனை அறிவார்கள். செத்ததற்கும் கிழடுபட்டதற்கும் ஈடாகப் பிறந்த குட்டிகளை வளர்த்துச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதே அத்தொடரின் கருத்து. தனி ஆடு சாகும், மந்தை சாகாது. அப்படியானால் மந்தைக்கு அந்தச் சாவாமையை அளித்தது எது? அரசன் ஆணை அன்று, கல்லெழுத்தும் அன்று. ஆண்டுதோறும் பட்டியில் நிகழ்ந்த குட்டி ஈற்றே அதனை அளித்தது. அதனை அருகிருந்து காத்த இடையரின் கண்விழிப்பு அதற்குத் துணையாயிற்று.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டையாடு ஏறக்குறைய ஆறு ஆண்டுக் காலம் குட்டி ஈன்று பயன் தரும் என்று வைத்துக்கொள்வோம். 96 ஆடுகள் உள்ள மந்தையில், ஆண்டுக்குப் பதினாறு ஆடுகள் கழியும். அந்த இடத்தை நிரப்பப் பதினாறு இளம் பெட்டைகள் வேண்டும். பிறக்கும் குட்டிகளில் பாதி கிடாய். ஆகவே குறைந்தது முப்பத்திரண்டு குட்டிகளேனும் பிழைத்து வளர்தல் வேண்டும். இது நல்ல காலத்துக் கணக்கு. மழை பொய்த்த ஆண்டிலும், நோய் புகுந்த ஆண்டிலும், நரியும் ஓநாயும் வந்து போன ஆண்டிலும் இதற்கு மேலும் வேண்டும். மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஈனாத ஆட்டுக்கு மடி சுரப்பதில்லை. பாலைக் காய்ச்சித் தயிராக்கிக் கடைந்து எடுத்த நெய்யானாலும் சரி, குட்டியை விற்று வாங்கிய நெய்யானாலும் சரி, அதன் ஊற்று குட்டி ஈற்றே.

ஆட்டின் இளமைக்குப் பழந்தமிழில் மறி என்று பெயர். தொல்காப்பிய மரபியல் இதனைக் குறிக்கிறது. இன்று நாம் செம்மறி என்று முழு இனத்தையும் சொல்லும் சொல்லுக்குள் அந்த மறி ஒளிந்திருக்கிறது. சங்கப் புலவர் இடைக்காடனார் அகநானூற்றில் ஓர் இடையனைக் காட்டுகிறார். நுண்ணிய மழைத்துளி ஒரு பக்கத்தை நனைக்க, கோலை ஊன்றித் தனியே நிற்கிறான் அவன். துள்ளும் மறியைக் கவர்வதற்குக் குறுநரி பார்த்திருக்கிறது. இடையன் வாயைக் குவித்துச் சீழ்க்கை அடிக்கிறான். அவ்வொலியைக் கேட்டு நரி அஞ்சி முட்புதருக்குள் ஓடுகிறது. இராசராசனுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட காட்சி இது. அரசர்கள் மாறினார்கள், மழையும் நரியும் மறியும், கோலூன்றி நின்ற அம்மனிதனும் மாறவில்லை.

இனி, அவன் செய்த வேலைதான் என்ன என்று பார்ப்போம். செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆடித் தொடக்கத்தில் இணை சேர்ந்த ஆடு கார்த்திகை இறுதியிலோ மார்கழித் தொடக்கத்திலோ ஈனும். வடகிழக்குப் பருவமழையால் புல் தழைத்திருக்கும் காலம் அது. தாய்க்கு மேய்ச்சல் இருந்தால்தான் குட்டிக்குப் பால் இருக்கும். ஆகவே குட்டி ஈற்றுக்கான ஏற்பாடு ஐந்து திங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இருபத்தைந்து முப்பது பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடாயைத் தேர்ந்து, காலமறிந்து மந்தையில் விடுவதே அதன் முதற்படி.

சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரம் மிக இன்றியமையாதது. பிறக்கும்போது குட்டிக்கு இருக்கும் எடையில் பெரும்பகுதி அந்த ஆறு வாரத்தில்தான் சேருகிறது. அப்போது தாயாட்டை நெடுந்தூரம் ஓட்டுதல் ஆகாது. நாய் விரட்டவும் இடந்தரலாகாது. மேய்ச்சலோடு கடலைக்கொடி, கருவேலங்காய், அகத்தித்தழை, கையளவு தவசம் ஆகியவற்றையும் கொடுத்தல் நன்று. இந்நாளில் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியையும் ஈற்றுக்குச் சில வாரம் முன்பு தாய்க்குப் போடுகிறார்கள். அதன் காப்பு தாயின் சீம்பால் வழியே குட்டிக்குச் சென்றுவிடுகிறது. நனையாத இடமும், காற்று நேரே வீசாத மறைப்பும், உலர்ந்த வைக்கோலும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஈற்றைப் பற்றி நூலிற் படித்ததைவிடத் தெளிவாக எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். நான் ஆசிரியனாயிருந்த பள்ளியில், ஆடு வளர்ப்போர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மார்கழியிலும் தையிலும் அடிக்கடி வராமல் இருப்பான். வந்தாலும் வகுப்பில் உறங்குவான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நான் சுழித்த சுழிகள் பல. கடிந்து பேசியதும் உண்டு. ஒருநாள் காரணம் கேட்டேன். “ஆடு ஈனுகிற காலம், ஐயா. அப்பாவும் நானும் முறை வைத்து விழித்திருக்கிறோம்” என்றான். எப்படி ஈனும் என்று வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். அவன் தயங்கினான், பிறகு இரு கைகளையும் முன்னே நீட்டி, அவற்றின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, கிணற்றில் பாய்பவனைப் போல நின்றான். “குட்டி இப்படி வந்தால் கவலையில்லை. ஒரு கால் மடங்கியிருந்தாலோ தலை பின்னால் திரும்பியிருந்தாலோ கை கொடுக்க வேண்டும்” என்றான். கால்நடை மருத்துவ நூல்கள் கூறும் முறையும் அதுவே.

ஈனப்போகும் ஆட்டை அவன் எங்களுக்கு வருணித்தான். மடி நிறைந்து விம்மும். மந்தையை விட்டு ஒதுங்கும். முன்காலால் தரையைக் கீறும். படுக்கும், எழும், மீண்டும் படுக்கும். பின்னர்ப் பனிக்குடம் தோன்றும். அது உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் அனுபவமுள்ளவர் உதவி வேண்டும். எல்லாம் முறையாக நடந்தால் மனிதன் கை வைக்காமலிருப்பதே நல்லது. தாய் நக்கித் துவட்டும்போதே குட்டியின் மணத்தைத் தன் நினைவிற் பதித்துக்கொள்கிறது. அந்த முதல் நாழிகைகளில் இருவரையும் பிரித்துவிட்டால், தன் குட்டியையே தாய் முட்டித் தள்ளுவதும் உண்டு. குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்தல், கொப்பூழ்க் கொடிக்கு மருந்திடுதல், காம்பின் நுனியில் அடைத்திருப்பதைப் பீய்ச்சி நீக்குதல் ஆகிய இவ்வளவே மேய்ப்பனின் பணி.

அதன் பிறகு சீம்பால். ஆட்டுக் குட்டி பிறக்கும்போது அதன் குருதியில் நோயெதிர்ப்பு ஆற்றல் ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். கருப்பையில் இருக்கும்போது அது தாயிடமிருந்து குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பாலில்தான் அது இருக்கிறது. குட்டியின் குடலும் ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே அதனை அப்படியே ஏற்கும். பிறகு அந்தக் கதவு அடைபட்டுவிடும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் சீம்பால் வேண்டும். அதன் முதல் வாய் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் உட்செல்ல வேண்டும். இக்காரணங்களையெல்லாம் விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் விளக்கியது. ஆனால் எழுந்து நிற்க மாட்டாத குட்டியைத் தூக்கி மடியில் சேர்க்கும் வழக்கம் பட்டிகளில் மிகப் பழையது. தாயை இழந்த குட்டியை, குட்டியை இழந்த தாயிடம் சேர்க்கவும் மேய்ப்பர் அறிவர். இறந்த குட்டியின் மணத்தை அதன்மீது ஏற்றித் தாயை ஏற்கச் செய்வார்கள்.

இத்தனையும் ஓரிடத்தில் தங்கியிருப்போருக்கே எளிதன்று. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போடும் இடையர்கள் ஊர் ஊராகச் செல்வார்கள். வழியில் ஈன்ற குட்டியைத் தோளிற் சுமந்து, தாயைப் பின்தொடரச் செய்து நடப்பார்கள். அன்றிரவு எந்த வயலோ, அந்த வயலே பிள்ளைப்பேற்று மனை.

இப்போது மீண்டும் தஞ்சைக் கல்லுக்கு வருவோம். ‘சாவா மூவா’ என்ற சொல்லின் பின்னால் ஒரு கடுமை இருப்பதை நீங்கள் உணரலாம். மழை பெய்தாலும் பொய்த்தாலும் உழக்கு உழக்குதான். குட்டிகள் நோயில் மடிந்த ஆண்டிலும் மந்தையின் எண்ணிக்கை 96 தான். நல்ல ஆண்டில் மிகுந்த குட்டிகள் இடையனுக்கு வருவாய். தீய ஆண்டில் குறைந்த குட்டிகள் அவனுக்குக் கடன். விளக்கு வைத்த புண்ணியம் கொடையாளிக்கு. விளக்கு அணையாமற் காக்கும் பொறுப்பு இடையனுக்கு. ஆடுகளை ஏற்ற இடையர்களின் பெயர்களையும் தஞ்சைக் கல் வெட்டிவைத்திருக்கிறது. அவ்வளவில் அது நேர்மையானது. ஆனால் மார்கழிப் பனியில் அவர்கள் விழித்திருந்த இரவுகளை எந்தக் கல்லும் எழுதவில்லை.

வரலாறு என்றால் கட்டினவர் யார், வென்றவர் யார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அந்த வினாக்களைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றோடு இன்னொரு வினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது நாள்தோறும் நடைபெற யார் உழைத்தார்? அவ்வினாவைக் கேட்டால், ஓர் உழக்கு நெய்யிலிருந்து ஒரு மடிக்கும், மடியிலிருந்து ஒரு குட்டிக்கும், குட்டியிலிருந்து அதனைக் கையில் ஏந்திய மனிதனுக்கும் வழி கிடைக்கும்.

மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு என்று நம் நாட்டுச் செம்மறி இனங்கள் பல இன்றும் வாழ்கின்றன. சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் மேச்சேரி இனத்துக்கென ஆராய்ச்சி நிலையமே உண்டு. இவ்வினங்களை ஆராய்ச்சி நிலையம் வருமுன்னே அழியாமல் காத்துத் தந்தவர்கள் ஏடறியாத மேய்ப்பர்கள். கல்வெட்டு வாசகத்தை உண்மையாக்கியவர்கள் அவர்களே.

அந்த மாணவன் கை நீட்டி நின்ற நாளுக்குப் பிறகு, ஈற்றுக் காலத்தில் அவன் பெயருக்கு நேரே நான் சுழி இடவில்லை. விடுப்பு என்று எழுதினேன். தவறவிட்ட பாடங்களை மாலையில் வந்து படித்துக்கொள்ளச் சொன்னேன். அவனும் வந்து படித்தான். முன்பு நான் இட்ட சுழிகள் மட்டும் அந்தப் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன. உங்கள் வகுப்பிலும் பனிக்காலத்தில் கண் சிவந்து வரும் பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும். அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், நேற்றிரவு எத்தனை குட்டி என்று கேளுங்கள்.