ஒரே வகுப்பறை, இரண்டு சம்பளம்



ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் நம் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். 1956ஆம் ஆண்டு அதே நாளில் மலாயாக் கூட்டரசின் சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் நினைவாகவே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. இச்செய்தியை நம்மில் பலர் அறிவோம்.

அத்தகைய விழா ஒன்று முடிந்து ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தபோது, அண்மையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவரிடம் சங்க உறுப்பினர் பாரத்தை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதனால் நமக்கு என்ன கிடைக்கப் போகிறது, டீச்சர்? சம்பளத்தை அரசாங்கம்தான் கொடுக்கிறதே" என்றார். "ஒரு காலத்தில் நீங்களும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஒரே வேலையைச் செய்தாலும் உங்களுக்குச் சம்பளம் குறைவு. திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பணியும் போய்விடும்" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் கிறிஸ்துவ மிஷன் பள்ளிகளுக்குப் பெரிய பங்குண்டு. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் 1885இல் சிங்கப்பூருக்கு வந்து மெதடிஸ்ட் பணியைத் தொடங்கினார். கிள்ளானில் 1893இல் ஆங்கிலோ சீனப் பள்ளியும், கோலாலம்பூரில் 1896இல் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியும், 1897இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் தோன்றின. கத்தோலிக்கத் தரப்பில் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும், லா சால் சபைச் சகோதரர்களின் செயின்ட் ஜான்ஸ் பள்ளி 1904இலும் தொடங்கப்பெற்றன.

இப்பள்ளிகளின் வரலாறு எழுதப்படும்போது நிறுவியவர்களின் பெயர்களே முன்னே நிற்கின்றன. அன்றாடம் வகுப்பறையைத் தாங்கியவர்களோ பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர்கள். அவர்களுள் தமிழர் பலர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் நிறுவியது. இவை போன்ற மிஷன் பள்ளிகளால் அங்கு ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறை உருவாகி, அடுத்தடுத்த தலைமுறைகளில் மலாயாவின் இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கடல் கடந்து வந்தது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் அவர்களின் இருப்பிடமாயிற்று. ஸ்காட் சாலையின் ஸ்ரீ கந்தசுவாமி கோவிலும், 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் தேவாலயமும் இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த அத்தமிழர்களின் அடையாளங்களாக இன்றும் நிற்கின்றன.

மிஷன் பள்ளி ஆசிரியரின் நாள் எப்படி இருந்தது? காலையில் சபைகூடல், பாடல், பிரார்த்தனை. பின்னர் வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேடு வெறும் கடமைக்காக எழுதப்பட்டதன்று. தொடக்க காலத்தில் அரசாங்க உதவித்தொகை மாணவர் வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்தே கிடைத்தது. ஆகவே மாணவன் ஒருவன் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியின் வருமானமும் குறைந்தது. மேல்வகுப்புகளைக் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் ஆட்டிப்படைத்தன. பயிற்சி பெறாத இளம் ஆசிரியர்கள் வார நாள்களில் கற்பித்து, வார இறுதியில் 'நார்மல் வகுப்பு' எனப்பட்ட பயிற்சிக்குச் சென்றனர். கிறிஸ்துவ ஆசிரியர்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு இல்லை. ஞாயிறு பள்ளி காத்திருந்தது.

துறவற சபைச் சகோதரர்களும் கன்னியாஸ்திரீகளும் தமக்கென ஊதியம் வைத்துக்கொள்வதில்லை என்ற விரதம் பூண்டவர்கள். அவர்கள் ஈட்டியது சபைக்கே சேரும். ஆனால் குடும்பஸ்தர்களான ஆசிரியர்களுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் இருந்தன. கற்பித்தல் ஓர் இறைத்தொண்டு என்ற சொல் இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது. அத்தொண்டின் சுமை மட்டும் சமமாக இல்லை.

அச்சுமையில் கனமான பங்கு பெண்களுடையது. ஒரே தகுதி, ஒரே பாடவேளை, ஒரே எண்ணிக்கையில் திருத்த வேண்டிய பயிற்சி நூல்கள்; ஆயினும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. திருமணமானதும் அவர் தற்காலிக ஊழியராக்கப்பட்டார். மாதத்திற்கு மாதம் நீளும் பணி; முடிவில் ஓய்வூதியம் இல்லை. ஆண்தான் குடும்பத்தைக் காப்பவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். இம்முறை இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆண்ட பிரிட்டனிலேயே திருமணமான ஆசிரியைகளின் வேலைத்தடை 1944இல்தான் நீங்கியது. சம ஊதியம் அங்கு 1955இல் ஏற்கப்பட்டு, படிப்படியாக 1961இல் முழுமை பெற்றது.

ரசாக் அறிக்கைக்கும் 1957 கல்விச் சட்டத்திற்கும் பிறகு மிஷன் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. அதனால் சம்பளக் கோரிக்கையை இனி மிஷனிடம் அல்ல, அரசாங்கத்திடமே வைக்க வேண்டியிருந்தது. தனித்தனிப் பள்ளிகளில் சிதறிக் கிடந்த ஆசிரியைகள் ஒரே குரலாக வேண்டிய காலம் அது.

அக்குரலுக்கு வடிவம் தந்தவர் ராசம்மா பூபாலன். 1927இல் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. 1943இல், பதினாறு வயதில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். போருக்குப் பின் பட்டம் பெற்று மெதடிஸ்ட் பள்ளிகளில் ஆசிரியையானார். 1960இல் ஆசிரியைகளுக்கெனத் தனித் தொழிற்சங்கம் உருவானபோது அதன் நிறுவனத் தலைவர் அவரே. 1963இல் தேசிய மகளிர் அமைப்புகளின் மன்றம் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு.

சம ஊதியம் உடனே கிடைத்துவிடவில்லை. கூட்டங்கள், மனுக்கள், பேச்சுவார்த்தைகள் என ஆண்டுகள் கடந்தன. 1967இல் சுஃபியான் சம்பள ஆணையம் சம ஊதியத்தைப் பரிந்துரைத்தது. 1969இல் அரசாங்கம் அக்கொள்கையை ஏற்றது. அதே 1969இல் ராசம்மா பூபாலன் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்று, 1982 வரை அப்பணியில் இருந்தார். சம ஊதியம் குறித்த அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மலேசியா 1997இல்தான் உறுதிப்படுத்தியது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியைகள் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னரே வென்றுவிட்டனர்.

இதில் நான் காணும் பாடம் ஒன்று உண்டு. தொண்டுள்ளமும் உரிமைக்குரலும் பகையல்ல. காலையில் பிரார்த்தனைக்கு மாணவரை அழைத்துச் சென்ற அதே ஆசிரியைகள்தாம் மாலையில் சங்கக் கூட்டத்திலும் அமர்ந்தார்கள். "நல்ல ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டார்" என்று நம்மிடையே இன்றும் சிலர் கூறுவதுண்டு. அவர்கள் பேசாதிருந்திருந்தால், நம் பள்ளிகளில் பெரும்பான்மையாக இருக்கும் ஆசிரியைகளின் வீட்டில் இன்று எரியும் அடுப்பு சற்று மங்கலாகத்தான் எரிந்திருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியோ, பெரியம்மாவோ அக்காலத்தில் ஆசிரியையாகப் பணியாற்றியிருக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அத்தகையோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதல் சம்பளம் எவ்வளவு, திருமணத்திற்குப் பின் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பழைய நியமனக் கடிதம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நிறுவியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இவர்களின் வரலாறு அலமாரிகளிலும் நினைவுகளிலும்தான் இருக்கிறது.

அந்த இளம் ஆசிரியை பாரத்தை வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் கையொப்பமிடவில்லை. காத்திருக்கிறேன்.